கடைசிப் பக்கத்தில் எழுந்து நடப்பவர்கள்

எமது சஞ்சிகைகளில் சிறுவர் இலக்கியம் பற்றிப் பேசப்படுவது மிகக் குறைவு. கவிதை, சிறுகதை, நாவல், அரசியல் விவாதம் என்று பக்கங்கள் நிறைந்த பின்னர் சிறுவர்களுக்கு மிஞ்சுவது தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழா மலர்தான். ஆனால் எமது வீடுகளில் அதிகம் வாசிக்கப்படும் இலக்கியம் எதுவென்று பார்த்தால் அது சிறுவர் இலக்கியமாகவே இருக்கும். பிள்ளைகள் பாடசாலையிலிருந்தும் நூலகத்திலிருந்தும் வாராவாரம் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இரவு வேலை இல்லாத நாட்களில் நாங்கள் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுகிறோம். எமது ஜேர்மன் உச்சரிப்பையோ பிரெஞ்சு உச்சரிப்பையோ அவர்கள் திருத்துகிறார்கள். அடுத்த வாரம் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போகிறது. அதில் என்ன சொல்லப்பட்டது என்று பெரியவர்களாகிய நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை.

இக்கட்டுரை அந்தப் புத்தகங்களில் ஒரு விடயத்தை மட்டும் பார்க்க முயல்கிறது. காலோ கையோ இழந்தவர்கள், நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், முதுகு வளைந்தவர்கள் இக்கதைகளில் வருகிறார்கள். கதை தொடங்கும்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைவிட, கதை முடியும்போது அவர்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதே எனது கேள்வி.

எமது சமூகத்துக்கு இது வெறும் புத்தகக் கேள்வியல்ல. ஷெல்லும் விமானக் குண்டும் மிதிவெடியும் எத்தனையோ பேரின் உடல்களை மாற்றிவிட்டன. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம் 1987 இல் தொடங்கியது. இலங்கை அரசு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 டிசம்பரில். இவ்விரண்டுக்கும் நடுவில் முப்பது வருடங்கள். அக்காலத்தில் காயப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இன்று எம்மோடு வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் தந்தையர், தாய்மார், மாமன்மார், பெரியம்மாமார். அவர்களுடைய பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும்தான் இப்புத்தகங்களை வாசிக்கிறார்கள்.

சுவிற்சர்லாந்தில் வாழும் நண்பர் ஒருவர் ஊரில் மிதிவெடியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவருடைய மகள் எட்டு வயதில் ‘ஹைடி’யை வாசித்து முடித்த இரவு அவரிடம் கேட்டாளாம்: “அப்பா, நாங்களும் அந்த மலைக்குப் போய் ஆட்டுப்பால் குடிச்சால் உங்கடை கால் வருமோ?” “போவம் பிள்ளை, ஆட்டுப்பாலும் குடிப்பம். ஆனால் கால் வராது” என்றாராம். “அப்ப கிளாராவுக்கு மட்டும் ஏன் சரி வந்தது?” என்று மகள் விடவில்லையாம். நண்பர் இதைத் தொலைபேசியில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ, விமர்சகர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள் என்று பட்டது. கிளாராவுக்கு ஏன் சரி வந்தது?

*

ஜொஹன்னா ஸ்பீரியின் ‘ஹைடி’ 1880 இலும் 1881 இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. பிராங்பேர்ட் நகரத்துச் செல்வந்தர் ஒருவரின் மகள் கிளாரா. நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருப்பவள். அவளுக்கு என்ன நோய் என்று கதை திட்டமாகச் சொல்வதில்லை. இரண்டாம் பாகத்தில் அவள் ஹைடியும் தாத்தாவும் வாழும் மலைக்கு வருகிறாள். அங்கு காற்று, வெயில், ஆட்டுப்பால். ஹைடியின் நட்புத் தன்னிடமிருந்து பறிபோகிறதே என்ற பொறாமையில் ஆடு மேய்க்கும் பையன் பீற்றர் சக்கர நாற்காலியை மலைச்சரிவில் தள்ளி உடைத்துவிடுகிறான். நாற்காலி போய்விட்டதால் கிளாரா எழுந்து நிற்க முயல்கிறாள். பின்னர் நடக்கிறாள். பீற்றருக்குத் தண்டனை கிடைப்பதில்லை. கிளாராவின் பாட்டி அவனை மன்னிப்பதோடு, ஆயுள் முழுவதும் வாரந்தோறும் சிறு காசு கிடைக்கவும் ஒழுங்கு செய்கிறாள்.

இக்கதையின் தர்க்கத்தின்படி சக்கர நாற்காலிதான் தடை. அது தொலைந்ததும் கால்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. உண்மையில் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கு அது கடைக்குப் போகும் வழி, வேலைக்குப் போகும் வழி, கோயில் திருவிழாவுக்குப் போகும் வழி. அதை யாராவது உடைத்தால் அவர் வீட்டுக்குள் அடைபட்டுப் போவார். ஆனால் உலகமெங்கும் பிள்ளைகள் நூற்றி நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்த நாற்காலி உருண்டு நொறுங்குவதை மகிழ்ச்சியான திருப்பமாகவே வாசித்து வந்திருக்கிறார்கள்.

‘ஹைடி’யை மீண்டும் நிதானமாக வாசித்தபோது இன்னும் இருவர் என் கண்ணில் பட்டனர். ஒருவர் கதைக்கு வெளியே ஏற்கனவே இறந்துபோனவர். ஹைடியின் தாத்தா இளமையில் இத்தாலியில் கூலிப்படைச் சிப்பாயாக இருந்தவர். சிசிலியில் நடந்த ஒரு சண்டையில் அவருடைய படைத்தலைவர் படுகாயமடைந்து, அசைய முடியாதவராகி, கடைசிவரை தாத்தாவின் பராமரிப்பிலேயே இருந்தார். வலிக்காமல் தூக்குவது எப்படி, சாய்த்து இருத்துவது எப்படி என்று அந்தப் போரில் கற்றுக்கொண்ட கைகளால்தான் தாத்தா கிளாராவைத் தூக்குகிறார். கடுகடுப்பானவர் என்று ஊரே ஒதுக்கிய அந்தக் கிழவரிடம் இவ்வளவு கனிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஸ்பீரி தரும் விளக்கம் இது. போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த எம்மவர்கள் இந்தச் சில வரிகளில் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மற்றவர் பீற்றரின் பாட்டி. கண் தெரியாதவர், ஏழை, காற்றில் ஆடும் குடிசையில் நூல் நூற்பவர். அவருக்கு இனி ஒருபோதும் வெளிச்சம் தெரியாது என்று அறிந்ததும் ஹைடி அழுகிறாள். அதன் பின் நடப்பவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். தாத்தா வந்து ஆடிக்கொண்டிருந்த யன்னல் பலகையை ஆணியடித்து இறுக்குகிறார். கடினமான பாணைப் பாட்டியால் மெல்ல முடியாது என்பதால் ஹைடி மெதுவான வெள்ளைப் பாண் கொண்டுவந்து கொடுக்கிறாள். வாசிக்கப் பழகியதும் பாட்டியின் பழைய புத்தகத்திலிருந்து பாடல்களை வாசித்துக் காட்டுகிறாள். கடைசி அத்தியாயத்தில், என்ன வேண்டும் என்று கேட்கப்படும்போது, பிராங்பேர்ட்டில் தான் படுத்த கட்டிலை மூன்று தலையணைகளோடும் தடித்த போர்வையோடும் பாட்டிக்கு அனுப்பும்படி கேட்கிறாள். பாட்டிக்குப் பார்வை திரும்புவதில்லை. ஆனால் அவருடைய நாட்கள் இலகுவாகின்றன.

ஆக ஒரே புத்தகத்தில் பணக்காரச் சிறுமி குணமாகிறாள், ஏழைக் கிழவி குணமாகவில்லை. வர்க்கம், வயது என்ற நோக்கிலிருந்து இதை விமர்சிக்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கிளாராவின் கதை ஒரு அற்புதம். பாட்டியின் கதையில் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு இருக்கிறது: யன்னலைத் திருத்து, மெல்லக்கூடிய உணவைக் கொடு, வாசித்துக் காட்டு, நல்ல கட்டில் போடு. உலகம் நினைவில் வைத்திருப்பது கிளாராவைத்தான். பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும்போது பாட்டியின் அத்தியாயங்களில் இன்னும் கொஞ்சம் நேரம் தங்கலாம்.

*

கிளாரா தனித்த ஒருத்தியல்ல. 1872 இல் சூசன் கூலிட்ஜ் எழுதிய ‘கேற்றி செய்தது’ என்ற அமெரிக்க நூலில், சொல் கேளாமல் ஊஞ்சலில் ஆடி விழுந்த கேற்றி நான்கு வருடம் கட்டிலில் கிடக்கிறாள். பொறுமையும் அடக்கமும் கற்றுக்கொண்டபின் எழுந்து நடக்கிறாள். 1913 இல் வந்த ‘பொலியானா’வில் வாகனம் மோதி நடை இழந்த சிறுமி, கடைசியில் நடை திரும்பப் பெறுகிறாள். 1911 இல் நூலாக வந்த பிரான்சிஸ் ஹொட்சன் பேர்னெட்டின் ‘இரகசியத் தோட்ட’த்தில், தனக்கும் தந்தையைப் போல் கூன் விழும் என்று பயந்து கட்டிலோடு கிடக்கும் கொலின், தோட்டத்துக் காற்றிலும் மனவுறுதியிலும் குணமாகி ஓட்டப்பந்தயமே ஓடுகிறான். அந்நூலில் இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. கொலினின் தோழி மேரி இந்தியாவில் பிறந்து, பெற்றோரைக் கொலராவில் இழந்து இங்கிலாந்து வருபவள். அவளது மஞ்சள் பூத்த முகத்துக்கும் சிடுசிடுப்புக்கும் இந்திய வெப்பம் காரணமாகிறது, யோர்க்ஷயர் காற்று மருந்தாகிறது. ஆரோக்கியம் என்பதற்குக்கூட ஒரு தேசம் உண்டு என்று சொல்லப்படுகிறது.

பேர்னெட்டின் மூத்த மகன் காசநோயால் 1890 இல் பாரிசில் இறந்துபோனான். அதன்பின் இருபது வருடங்கள் கழித்து, சாகப்போகிறேன் என்று நம்பிய ஒரு பையனை அவர் கதையில் எழுப்பி ஓடவிட்டார். அந்தத் தாயின் ஆசையை நான் பழிக்கமாட்டேன். ஆனால் ஒரு தாயின் ஆசையைப் பிள்ளைகள் உலக நியதியாக வாசிக்கிறார்கள்.

இந்த வகைப் புத்தகங்களை லோயிஸ் கீத் என்ற ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர் 2001 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர் தாமே சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். சிறுமிகளுக்கான செவ்வியல் கதைகளில் நடக்க முடியாத பெண்ணுக்குச் சாவு அல்லது குணம் என்ற இரு முடிவுகளே பெரும்பாலும் இருந்தன என்பது அவரது வாதம். குணமாவதற்கும் ஒரு விலை உண்டு. கேற்றி அடங்கின பிள்ளையாக வேண்டும். கொலின் பிடிவாதத்தை விட வேண்டும். அப்படியானால் குணமாகாதவர்கள் இன்னும் திருந்தாதவர்களா? அந்தக் கேள்வியை எந்தக் கதையும் கேட்பதில்லை. பிள்ளைகளின் மனதில் அது தானாகவே விழுகிறது.

பையன்களுக்கான புத்தகங்களில் ஒற்றைக்காலன் வில்லனாகிறான். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நூலாக வந்தது 1883 இல். அதில் வரும் ஜோன் சில்வர் இடுப்போடு ஒரு கால் இல்லாதவன், ஊன்றுகோலில் நடப்பவன். அவனைச் சந்திப்பதற்கு முன்பே ஒற்றைக்கால் மனிதன் ஒருவனைப் பற்றி எச்சரிக்கப்பட்ட சிறுவன் ஜிம் பயங்கரக் கனவுகள் காண்கிறான். ஆளுக்கு முன் பயம் வந்துவிடுகிறது. அதே நூலில் கண் தெரியாத பியூவும் விரல்கள் இழந்த இன்னொரு கொள்ளையனும் உண்டு. ஜே. எம். பரியின் ‘பீற்றர் பானி’ல் கை இழந்து கொக்கி மாட்டிய கப்டன் ஹூக் முதலைக்கு இரையாகிறான்.

ஆனால் சில்வரின் பிறப்பு சுவாரசியமானது. ஸ்டீவன்சனின் நண்பர் கவிஞர் ஹென்லி எலும்புக் காசநோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மற்றக் காலைக் காப்பாற்றுவதற்காக எடின்பரோ வைத்தியசாலையில் லிஸ்டரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, 1875 இல், ஸ்டீவன்சன் அவரைச் சந்தித்தார். ஹென்லியின் உடற்குறையோடு கூடிய வலிமையும் ஆளுமையுமே சில்வரைத் தோற்றுவித்தன என்று ஸ்டீவன்சன் பின்னர் அவருக்கே எழுதினார். அதனால்தான் சில்வர் வெறும் பூச்சாண்டியாக இல்லை. சமைக்கிறான், பேசி மயக்குகிறான், கப்பலின் ஆட்டத்தில் ஊன்றுகோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறான், முடிவில் ஒரு பை காசோடு தப்பியும் விடுகிறான். அந்தக் காலத்துச் சிறுவர் நூல்களில், குணமாகாமலும் சாகாமலும் தன் உடலோடேயே கடைசிப் பக்கத்தைத் தாண்டிப் போன மிகச் சிலரில் அவன் ஒருவன். அதற்கு அவன் கொள்ளைக்காரனாக இருக்க வேண்டியிருந்தது.

அன்டர்சனின் தகரச் சிப்பாய்க்கு (1838) அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இருபத்தைந்து சிப்பாய்களில் கடைசியாக வார்க்கப்பட்டவன் அவன், உலோகம் போதாமல் ஒரு காலோடு பிறந்தவன். அவனது உடலுக்கு அன்டர்சன் எந்தப் பாவத்தையும் காரணமாக்கவில்லை. இந்த நேர்மை பிற்காலக் கதைகள் பலவற்றில் இல்லை. ஆனால் அவனும் முடிவில் அடுப்பில் எரிந்துபோகிறான்.

*

இவை வெள்ளைக்காரரின் கதைகள் என்று தள்ளிவிட முடியாது. எமது மரபும் இந்த முடிவுகளை நன்கு அறியும். எட்டுக் கோணல் உடலோடு பிறந்த அஷ்டாவக்கிரன் ஜனகனின் சபையில் வாதத்தில் வெல்கிறான். மகாபாரதம் அதோடு விடவில்லை. சமங்கா நதியில் குளிப்பாட்டி அவனது உடலை நிமிர்த்துகிறது. மதுராவில் கண்ணன் கூனியை நிமிர்த்தி அழகியாக்குகிறான். அயோத்தியின் கூனி மந்தரை நிமிர்த்தப்படவில்லை, அவள் வில்லி. ஆனால் கம்பன் ஒரு காரியம் செய்திருக்கிறான். சிறுவன் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்துத் தன் கூனைக் குறிபார்த்து அடித்ததை அவள் மனதில் வைத்திருந்தாள் என்கிறான். ஒரு கூனல் முதுகு ஒரு பிள்ளையின் விளையாட்டுக்கு இலக்கானது, அந்த அவமானத்தை அவள் மறக்கவில்லை. காவியநாயகனின் குழந்தைப் பருவத்தின்மீது இவ்வளவு கூர்மையான ஒரு குறிப்பை வைக்கக் கம்பனுக்குத் துணிவு இருந்தது. நாங்கள் எமது பிள்ளைகளுக்கு இராமாயணம் சொல்லும்போது அதை விட்டுவிட்டுச் சொல்கிறோம்.

நொண்டி நாடகம் என்று ஒரு வகை பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தமிழில் இருந்தது. ஒற்றைக்கால் நாடகம் என்றும் பெயர். கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஊதாரியாகத் திரிந்தவன் குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டப்படுகிறான். மனம் வருந்துகிறான். கடவுளின் அருளால் கால் வளர்கிறது. திருச்செந்தூருக்கு ஒன்று உண்டு. சீதக்காதி நொண்டி நாடகத்தில் வள்ளல் சீதக்காதியின் உதவியோடு மெக்காவுக்குப் போய்க் குணமாகிறான். மதம் மாறினாலும் முடிவு மாறவில்லை. தப்பு, தண்டனை, திருந்துதல், கால். கேற்றியின் ஊஞ்சலுக்கும் இந்தக் குதிரைக்கும் அதிக தூரமில்லை.

உடற்குறையை வினைப்பயன் என்று சொல்லும் பழக்கத்துக்கு எதிராக வள்ளுவரை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 618 ஆவது குறள் பொறி இல்லாதிருப்பதைப் பழியென்று கொள்ளவில்லை. அறிவோடு முயலாதிருப்பதைத்தான் பழி என்கிறது. பரிமேலழகர் ‘பொறி’ என்பதற்கு விதி என்று பொருள் கொண்டார். உடல் உறுப்பு என்று கொண்டோரும் உள்ளனர். இரண்டாவது உரைப்படி இது பெரிய விடுதலைதான். ஆயினும் அதற்குள் ஒரு பொறி வைத்திருக்கிறது. உறுப்பு இல்லாதவன்மேல் இருந்த பழியை எடுத்து, முயலாதவன்மேல் போடுகிறது. கால் இல்லாத ஒருவர் மற்றவர்களைப் போலச் சோம்பலாக இருக்க முடியாது. அவர் எப்போதும் சாதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘அங்கவீனர்’, ‘ஊனமுற்றோர்’ என்ற சொற்களுக்குப் பதிலாக வந்த ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லும் நல்லெண்ணத்தோடு அதே நிபந்தனையை வைக்கிறது. திறன் எதையும் காட்டாமல் வெறுமனே மனிதராக இருக்க அனுமதி உண்டா?

*

புதிய புத்தகங்கள் நிலைமையை மாற்றியிருக்கின்றன, எல்லாம் ஒரே அளவில் அல்ல. 1999 இல் வந்த ‘சூசன் சிரிக்கிறாள்’ என்ற படநூலில் சூசன் சிரிப்பாள், பாடுவாள், ஊஞ்சலாடுவாள், கோபப்படுவாள். கடைசிப் படத்தில்தான் அவள் சக்கர நாற்காலியில் இருப்பது தெரியவரும். அவளும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் என்று சொல்ல நினைத்த நல்ல நூல். ஆனால் நாற்காலியை அவ்வளவு நேரம் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

2012 இல் வெளிவந்து உலகமெங்கும் வாசிக்கப்பட்ட ‘வொண்டர்’ நாவலில், பிறவியிலேயே முகம் வேறுபட்ட ஓகி முதன்முதலாகப் பாடசாலைக்குப் போகிறான். ஒரு வருடம் கேலியையும் ஒதுக்கலையும் தாங்குகிறான். ஆண்டு முடிவில் அவனுக்குப் பதக்கம் கிடைக்கிறது, மண்டபமே எழுந்து நின்று கைதட்டுகிறது. அவனது முகம் மாறவில்லை என்பது ஒரு முன்னேற்றம். ஆனால் அந்த வருடம் திருந்தவேண்டியிருந்தவர்கள் மற்றப் பிள்ளைகள். அவர்களுடைய கொடுமையைப் பொறுத்துக்கொண்டதற்காக ஒரு சிறுவனுக்குப் பதக்கம் தருவது எந்த நியாயம்? நொண்டி நாடகத்தில் கால் வளர்ந்த இடத்தில் இங்கே கைதட்டல் வருகிறது.

எனக்குப் பிடித்தது சீசீ பெல்லின் ‘எல் டெஃபோ’ (2014), 2015 இல் நியூபெரி கௌரவம் பெற்ற சித்திரக்கதை. நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் சக்தியை இழந்த தனது குழந்தைப் பருவத்தை ஆசிரியர் முயல் முகங்கொண்ட மனிதர்களாக வரைந்திருக்கிறார். மார்பில் கட்டிய கேள்கருவி அவளுக்கு வெட்கம். ஆனால் ஆசிரியையின் கழுத்தில் தொங்கும் ஒலிவாங்கி வழியாக, பாடசாலையில் ஆசிரியை எங்கு போனாலும், கழிப்பறைக்குப் போனாலும்கூட, அவளுக்குக் கேட்கிறது. இந்தப் பகிடியைக் காது கேட்கும் ஒருவரால் எழுதியிருக்க முடியாது. நூல் முடியும்போது காது அப்படியேதான் இருக்கிறது, ஒரு நல்ல சிநேகிதி கிடைத்திருக்கிறாள்.

இன்னொன்று, ஜேம்ஸ் கச்போல் எழுதி கரன் ஜோர்ஜ் படம் வரைந்த ‘உனக்கு என்ன நடந்தது?’ (2021). ஆசிரியரே ஒற்றைக் காலோடு வளர்ந்தவர். கதையில் ஜோ என்ற சிறுவன் விளையாட்டுத் திடலில் கடற்கொள்ளையர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். வந்த பிள்ளைகள் எல்லோரும் அவனது கால் எங்கே என்று கேட்கிறார்கள், கற்பனைக்கெட்டிய காரணங்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறார்கள். ஜோவுக்கு அந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவனுக்கு வேண்டியது விளையாட ஆட்கள். கடைசியில் பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு விளையாட்டில் சேருகிறார்கள். கால் எப்படிப் போனது என்று புத்தகம் வாசகருக்குச் சொல்வதேயில்லை.

இந்தச் சொல்லாமையை எம்மவர்கள் வேறு யாரையும்விட நன்கு புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். உனக்கு என்ன நடந்தது என்ற கேள்வியோடுதான் நாங்கள் இந்நாடுகளுக்குள் அனுமதிக்கப்பட்டோம், அல்லது திருப்பி அனுப்பப்பட்டோம். அகதி விசாரணையில் தழும்பு சாட்சியாகிறது. சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டும், வைத்தியர் அளந்து எழுத வேண்டும். 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் உடலிலிருந்த சூட்டுத் தழும்புகள் சித்திரவதையால் வந்தவையா, அல்லது அவரே இன்னொருவரைக் கொண்டு செய்வித்தவையா என்பதே பிரச்சினை. முன்னர் விசாரித்தவர்கள் அவரை நம்பவில்லை. உச்ச நீதிமன்றம் அவரது மேன்முறையீட்டை ஏற்று, வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. அதிகாரிகளுக்கு முன்னால் தன் உடலின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்த ஒருவருக்கு, பேருந்திலும் கலியாண வீட்டிலும் அதைச் சொல்லாமல் இருக்கும் உரிமை எவ்வளவு பெரியது! ஜோ ஒரு குழந்தைப் புத்தகத்தில் அந்த உரிமையைப் பெற்றிருக்கிறான்.

*

தமிழில் எமது போரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதில் காயம்பட்ட உடல் பெரும்பாலும் இரண்டு வேடங்களில் வருகிறது. ஒன்று தியாகத்தின் சின்னம். மற்றது நிதி சேர்ப்பதற்கான துண்டுப்பிரசுரத்தில் வரும் அனுதாபப் படம். முதலாவதில் அந்த மனிதர் எங்களைவிட உயரத்தில் இருக்கிறார், இரண்டாவதில் எங்களைவிடத் தாழ்வில். எங்களோடு ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிடுபவராக அவரைக் காண்பது அரிது. சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டவற்றில் அந்த அரிய இடமும் இல்லை.

எழுத விரும்புவோர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. சிறுவர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பான இப்பி, உடல் வேறுபாடுள்ள பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பற்றியும் உலகின் பல மொழிகளில் வந்த நூல்களைச் சேகரித்து வருகிறது. நோர்வேயில் பல வருடங்கள் இருந்த அச்சேகரிப்பு 2014 முதல் ரொறொன்ரோவில், நோர்த் யோர்க் மத்திய நூலகத்தில் இருக்கிறது. எம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் இரண்டு நாடுகளில் அது மாறிமாறித் தங்கியிருக்கிறது. ரொறொன்ரோவில் வாழும் எழுத்தாளர்களும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும் ஒரு சனிக்கிழமையை அங்கே செலவிடலாம். எழுத்தில்லாமல் படத்தால், தொட்டறியும் துணியால், சைகை மொழியால் செய்யப்பட்ட புத்தகங்களையும் பார்க்கலாம்.

நான் எதிர்பார்க்கும் தமிழ்ப் புத்தகம் மிக எளிமையானது. காலையில் அப்பா கட்டில் ஓரத்தில் இருந்து உறை மாட்டி, பொய்க்காலை இறுக்கிக்கொண்டு, பனி கொட்டிக்கிடக்கும் தெருவில் மகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறார். குளிருக்குக் கால் முனை வலிக்கிறது, எரிச்சல்படுகிறார். சறுக்கும் இடத்தில் யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்று இருவருக்கும் ஒரு சண்டை. பின்னேரம் தோசை. கால் எப்படிப் போனது என்பது அந்தப் புத்தகத்தில் இருக்கலாம், இல்லாமலும் விடலாம். கடைசிப் பக்கத்தில் பொய்க்கால் கட்டிலின் கீழ் நிற்கிறது, அப்பா நித்திரை. யாரும் அவருக்குப் பதக்கம் கொடுக்கவில்லை.

அப்படி இருபது பக்கங்களை யாராவது எழுதினால், வரையத் தெரிந்த ஒருவர் அதற்குப் படம் போட்டால், அதை அச்சிடும் செலவைப் பகிர்ந்துகொள்ள எம்மில் சிலராவது முன்வருவோம். முடிந்தால் அதை எழுதுபவர் அந்த உடலோடு வாழும் ஒருவராகவே இருக்கட்டும். அதுவரைக்கும், நூலகத்திலிருந்து வரும் ‘ஹைடி’யைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து வாசியுங்கள். நாற்காலி உடையும் இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, கிளாராவுக்குக் கால் வராமல் விட்டிருந்தால் அவள் எப்படி வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைகள் இதற்கு நல்ல பதில்கள் வைத்திருப்பார்கள்.